கலங்காலா மாவட்டத்துக்குப் புதிதாகச் செல்வோருக்கு: விக்டோரியா ஏரித் தீவுகளில் பயணமும் பிழைப்பும்

உகாண்டாவின் கலங்காலா மாவட்டம் முழுவதும் விக்டோரியா ஏரிக்குள் அமைந்துள்ளது. செசே தீவுகள் என்று பெயர் பெற்ற 84 தீவுகள் சேர்ந்ததே இந்த மாவட்டம். இதன் பரப்பு 9,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டாலும், அதில் நிலம் 500 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, மீதமெல்லாம் தண்ணீர். இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு திட்டமிடுபவருக்குப் பயணம் எளிதாகிவிடும். எந்த ஊரில் தங்குவது, எவ்வளவு பணம் எடுத்துச் செல்வது, நோய் வந்தால் எங்கே போவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, தண்ணீரை எந்த இடத்தில், எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே விடுதியைத் தேடுவதற்கு முன் படகைத் தேடுங்கள்.

எந்தக் கலங்காலா என்று முதலில் முடிவு செய்தல்

ஆவணத்தில் ஒன்றாக இருக்கும் இந்த மாவட்டம் நடைமுறையில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. புகாலா என்னும் பெரிய தீவு ஒரு பக்கம். 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அத்தீவில்தான் மாவட்டத் தலைநகரான கலங்காலா நகரமும், அரசு அலுவலகங்களும், சாலையும், மின்சாரமும், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும், சுற்றுலா விடுதிகளும் இருக்கின்றன. மறுபக்கம் ஏனைய தீவுகள். அவற்றுள் புக்காசா போன்ற சில சற்றுப் பெரியவை. பல தீவுகள் ஒரே ஒரு மீன்பிடித் துறையையும் அதைச் சுற்றித் தகரத்தாலும் மரத்தாலும் எழுப்பிய வீடுகளையும் மட்டுமே கொண்டவை. சிலவற்றில் மனிதர் குடியிருப்பே இல்லை. புகாலாவில் இருப்பவர் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போய்விடலாம். சிறு தீவில் இருப்பவருக்குச் சந்தை, பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம் ஆகிய அனைத்தும் படகுக்கு அப்பால்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதன்முறை செல்பவர் புகாலாவில் சில நாட்கள் தங்கி, அங்கிருந்து சிறு தீவுகளுக்குச் செல்வதே நல்லது. விமான நிலையம் உள்ள கரையோர நகரமான எண்டெபேயிலிருந்து நேராக மரப்படகில் ஏறிச் சிறு தீவு ஒன்றுக்குப் போவது துணிச்சலான செயலாகத் தோன்றலாம். ஆனால் வானிலை மாறிப் படகு வராமல் போனால் திரும்புவதற்கு வேறு வழி இருக்காது.

நாட்டுக்குள் நுழைவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் உகாண்டாவுக்கான விசாவை இணையவழியில் முன்கூட்டியே பெற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். தடுப்பூசி போட்டுக்கொண்ட 10 நாட்களுக்குப் பிறகே அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. இந்தியாவில் அரசு அங்கீகரித்த குறிப்பிட்ட மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடப்படுகிறது. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் அதே சான்றிதழைக் கேட்பார்கள். அதைத் தொலைத்துவிடக் கூடாது.

சர்வதேச விமானங்கள் எண்டெபேயில்தான் இறங்குகின்றன. எண்டெபே ஏரிக்கரையிலேயே உள்ள நகரம். தலைநகர் கம்பாலா அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தீவுக்கு மட்டும் செல்பவர் கம்பாலாவுக்குள் நுழைந்து அதன் போக்குவரத்து நெரிசலில் அரை நாளை இழக்க வேண்டிய தேவை இல்லாமலும் போகலாம். அது நீங்கள் எந்த வழியில் ஏரியைக் கடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஏரியைக் கடக்கும் மூன்று வழிகள்

முதல் வழி எண்டெபேயின் நக்கிவோகோ துறையிலிருந்து எம்.வி. கலங்காலா என்னும் கப்பலில் செல்வது. பல ஆண்டுகளாக இக்கப்பல் பிற்பகல் 2 மணிக்கு நக்கிவோகோவிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் புகாலாவின் லுட்டோபோக்கா துறையை அடைந்து, மறுநாள் காலை 8 மணிக்கு அங்கிருந்து திரும்புவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது. உட்காருவதற்கு இரண்டு வகுப்புகள் உண்டு; வாகனங்களையும் ஏற்றிச் செல்வார்கள். இந்த வழியின் குறை ஒன்றே: ஒரு நாளைக்கு ஒரு நடை மட்டுமே என்பதால், தவறவிட்டால் ஒரு நாள் போய்விடும். பராமரிப்புக்காகவும் பழுதுக்காகவும் கப்பல் நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. எனவே இணையத்தில் படித்த நேரத்தை நம்பிப் போகாமல், முந்தைய நாள் நீங்கள் தங்கவிருக்கும் தீவு விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, அன்று கப்பல் வந்ததா என்று கேளுங்கள். விடுதிக்காரர்களின் பிழைப்பே அந்தக் கப்பலை நம்பி நடப்பதால், அவர்களிடம் சரியான செய்தி இருக்கும்.

இரண்டாம் வழி மசாக்கா நகரம் வழியாகச் செல்வது. கம்பாலாவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்றால் மசாக்கா வரும். வழியில் கயப்வே என்னுமிடத்தில் பூமத்திய ரேகையைக் கடப்பீர்கள். மசாக்காவிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் புகாகாட்டா என்னும் ஏரிக்கரை ஊர் இருக்கிறது. அங்கிருந்து புகாலாவின் மேற்கு முனையில் உள்ள லூக்குவுக்கு, வாகனங்களை ஏற்றிச் செல்லும் பெர்ரிகள் பகலில் பல நடை ஓடுகின்றன. கடப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். பயணிகளிடமோ வாகனங்களிடமோ இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஒரு நடையைத் தவறவிட்டாலும் அடுத்தது இருக்கிறது என்பதே இவ்வழியின் பெருஞ்சிறப்பு. இரவில் மட்டும் ஓடாது. ஆகையால் மாலை நான்கு மணிக்குள் புகாகாட்டாவை அடைந்துவிடும்படி புறப்படுங்கள். லூக்குவில் இறங்கியபின் கலங்காலா நகரம் வரை செம்மண் சாலையில், பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாம் வழி, எண்டெபேக்கு அருகில் உள்ள கசேன்யி துறையிலிருந்து மரப்படகில் செல்வது. புக்காசா, பண்டா முதலிய தீவுகளுக்குச் செல்வோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இயந்திரம் பொருத்திய நீண்ட மரப்படகில் மனிதர்கள், பீர்ப் பெட்டிகள், சிமெண்ட் மூட்டைகள், கோழிகள் அனைத்தும் ஒன்றாக ஏறும். அளவுக்கு மீறிய சுமையும் திடீர்ப் புயலும் சேர்ந்தபோது இந்த ஏரியில் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் முகோனோ மாவட்டக் கரைக்கு அருகே ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்ததில் 30 பேருக்கு மேல் இறந்தனர். ஆகவே மரப்படகில் ஏறுபவர் சில விதிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் கையில் வந்து சேரும் வரை ஏறாதீர்கள். அதன் வார்கள் அறுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். படகின் விளிம்பு தண்ணீரை ஒட்டித் தாழ்ந்திருந்தால் இறங்கிவிடுங்கள். முன்கூட்டிக் கொடுத்த பணம் போனால் போகட்டும். கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் நீர் புகாத பையில் வைத்து, அந்தப் பையை உடலோடு கட்டிக்கொள்ளுங்கள்.

புயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் கரைகளிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று நடுவில் ஒன்றுசேர்வதால், விக்டோரியா ஏரியின் இடிமழை பெரும்பாலும் நள்ளிரவு முதல் காலை வரையிலான நேரத்தில் பெய்கிறது. விடியற்காலையில் வானம் கறுத்திருந்தால், உள்ளூர் மீனவர் படகை அவிழ்க்கும் வரை பொறுத்திருங்கள். அவர் புறப்படாதபோது நீங்கள் புறப்படுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

முதன்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: மசாக்கா வழியாகத் தீவுக்குச் சென்று, லுட்டோபோக்காவிலிருந்து காலைக் கப்பலில் எண்டெபேக்குத் திரும்புங்கள். போகும்போது நடைகள் பல என்பதால் பதற்றம் இராது. வரும்போது முற்பகலிலேயே விமான நிலையம் இருக்கும் ஊரில் இறங்கிவிடலாம்.

பணம், கைப்பேசி, நேரம்

அமெரிக்க டாலருக்கு அண்மை ஆண்டுகளில் 3,500 முதல் 3,900 உகாண்டா ஷில்லிங் வரை கிடைத்து வந்திருக்கிறது. டாலர்த் தாள்கள் புதியனவாகவும் கசங்காதனவாகவும் இருக்க வேண்டும். பழைய ஆண்டு அச்சிட்ட தாள்களை மறுப்பார்கள், சிறிய தாள்களுக்குக் குறைந்த விலை தருவார்கள். மாற்ற வேண்டிய பணத்தை எண்டெபேயிலோ கம்பாலாவிலோ மசாக்காவிலோ மாற்றிவிடுங்கள். தீவில் ஏடிஎம்மை நம்பி இருக்கக் கூடாது.

தீவுகளின் உண்மையான வங்கி கைப்பேசிதான். எம்டிஎன், ஏர்டெல் ஆகிய நிறுவனங்களின் மொபைல் மணி சேவை வழியாகவே சம்பளம், மீன் விலை, பள்ளிக் கட்டணம் எல்லாம் கைமாறுகின்றன. மீன்பிடித் துறைகளில்கூட முகவர்கள் இருப்பார்கள். விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கி, மொபைல் மணிக் கணக்கையும் திறந்துகொள்ளுங்கள். சிறிய துறையில் இருக்கும் முகவரிடம் பெரிய தொகைக்கு ரொக்கம் இருக்காது என்பதால், படகுக்கூலிக்கும் இரண்டு மூன்று நாள் செலவுக்கும் சில்லறையாகக் கையில் வைத்திருங்கள்.

நேரம் கேட்கும்போது கவனம் தேவை. உகாண்டா நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இதில் குழப்பம் இல்லை. ஆனால் லுகாண்டா மொழியில் பகலின் மணிக்கணக்கு காலை ஏழு மணியிலிருந்து தொடங்குகிறது. அவர்களுடைய முதல் மணி நமக்கு ஏழு மணி, அவர்களுடைய எட்டாம் மணி நமக்குப் பிற்பகல் இரண்டு. ஆங்கிலத்தில் பேசும்போது பெரும்பாலோர் மாற்றிச் சொல்வார்கள். இருந்தாலும் படகுக்காரர் "இரண்டு மணிக்கு" என்றால், அது காலை எட்டா பிற்பகல் இரண்டா என்று ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

தங்குவதும் உண்பதும்

லுட்டோபோக்கா விரிகுடாவின் மணற்கரையில் விடுதிகள் வரிசையாக உள்ளன. கலங்காலா நகரம் அதற்கு மேலே மேட்டில் இருக்கிறது. வார இறுதியில் கம்பாலாவிலிருந்து கூட்டம் வந்து இசையும் ஆட்டமுமாக இருக்கும் என்பதால், அமைதி வேண்டுவோர் திங்கள் முதல் வியாழன் வரையிலான நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். நகரத்தில் மலிவான தங்கும் இடங்களும் உண்டு. புகாலாவில் சூரிய ஒளியும் டீசலும் கலந்து இயங்கும் மின் நிலையம் மின்சாரம் தருகிறது. சிறு தீவுகளில் சூரியத் தகடோ ஜெனரேட்டரோ உள்ள வீட்டில்தான் வெளிச்சம்.

மசித்த வாழைக்காயான மட்டோகே, சோள மாவைக் கிளறிச் செய்யும் போஷோ, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வேர்க்கடலைக் குழம்பு, பீன்ஸ், மீன் ஆகியவையே அன்றாட உணவு. இந்தியர் வழியாக வந்து உகாண்டாவின் தெருவோர உணவாகிவிட்ட சப்பாத்தியும், அதில் முட்டை அடையைச் சுருட்டித் தரும் ரோலெக்ஸும் துறைமுகங்களில் கிடைக்கும். சைவ உணவினர் பீன்ஸையும் வேர்க்கடலைக் குழம்பையும் நம்பி இருக்கலாம். மீன் போடாத குழம்பா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலும் மழை மிகுதி. ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருப்பதால், பூமத்திய ரேகையை ஒட்டிய இடமாயினும் வெயில் நம்மூர் அளவுக்கு வாட்டாது. அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏரிப் பூச்சிகள் புகைமண்டலம் போலத் திரண்டு வரும். கடிக்காது, ஆனால் விளக்கு எரிந்தால் அறை நிறைந்துவிடும்.

மீனும் பனையும்: ஊர் எப்படிப் பிழைக்கிறது

புதிதாக வருபவர் வேலைக்கு வந்தாலும் ஆய்வுக்கு வந்தாலும் சுற்றிப் பார்க்க வந்தாலும், இத்தீவுகளின் பொருளாதாரத்தை அறியாமல் மனிதர்களின் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்செட்சே ஈக்கள் பரப்பும் தூக்க நோய் இத்தீவுகளில் பெரும் அழிவை ஏற்படுத்தியதால், ஆங்கிலேய ஆட்சி மக்களை வெளியேற்றித் தீவுகளைக் காலி செய்தது. பின்னர் மெல்லக் குடியேற்றம் நடந்தது. 1991-இல் 16,000 என்ற அளவில் இருந்த மக்கள்தொகை 2014-இல் 54,000-ஐத் தாண்டியது. இவர்களில் பெரும்பகுதியினர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மீனையும் பனையையும் தேடி வந்தவர்கள். எனவே ஒரே துறையில் பல மொழிகள் ஒலிக்கும், பொதுமொழி லுகாண்டா.

மீன்பிடிப்பு மூன்று மீன்களைச் சுற்றி நடக்கிறது. முதலாவது நைல் பெர்ச். நம் கொடுவாவின் பேரினத்தைச் சேர்ந்த இது 1950-களிலும் 60-களிலும் இந்த ஏரிக்குக் கொண்டுவரப்பட்டு, ஏரியின் சொந்த மீன்கள் பலவற்றை அழித்துவிட்டு, ஏற்றுமதித் தொழிலுக்கு அடிப்படையானது. அதன் சதை ஐரோப்பாவுக்குப் போகிறது. காற்றுப்பையை உலர்த்திச் சீனச் சந்தைக்கு அனுப்புகிறார்கள், அதற்குக் கிடைக்கும் விலை சதையின் விலையைவிடப் பல மடங்கு. இரண்டாவது, நாம் ஜிலேபி மீன் என்று சொல்லும் திலேப்பியா. மூன்றாவது முக்கேனே எனப்படும் சிறு மீன்; இதை நிலவற்ற இரவுகளில் விளக்கு காட்டிப் பிடித்து, கரையில் பரப்பி உலர்த்துகிறார்கள். ஆகவே சிறு தீவுகளின் வருமானம் நிலவோடு ஏறி இறங்கும்: அமாவாசை வாரத்தில் கடைகளில் பணம் புழங்கும், பௌர்ணமி வாரத்தில் வலைகளைத் தைத்துக்கொண்டிருப்பார்கள், கடன் கணக்கு நீளும். ஓர் ஆய்வுக்காகவோ தொண்டுப் பணிக்காகவோ மீனவரோடு உட்கார்ந்து பேச விரும்புபவர் பௌர்ணமியை ஒட்டிப் போவதே பொருத்தம்.

மீன்வளம் குறைந்ததால் 28 அடிக்குக் குறைவான படகுகளையும் சிறு கண்ணி வலைகளையும் 20 அங்குலத்துக்குக் குறைவான நைல் பெர்ச்சையும் அரசு தடை செய்தது; 2017 முதல் அதைச் செயல்படுத்த இராணுவமே ஏரியில் இறங்கியது. மீன் பெருகியது என்று ஏற்றுமதியாளர் மகிழ்ந்தனர். படகும் வலையும் எரிக்கப்பட்ட ஏழை மீனவர் பிழைப்பை இழந்தனர். இரண்டுமே உண்மை. இந்தப் பேச்சை நீங்களாகத் தொடங்காதீர்கள். படைவீரர், அவர்களுடைய படகு, பறிமுதல் செய்த வலை ஆகியவற்றைப் படம் எடுக்காதீர்கள்.

புகாலாவில் மட்டும் கதை வேறு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் ஆதரவுடன் உகாண்டா அரசு தொடங்கிய தாவர எண்ணெய்த் திட்டத்தின்கீழ், சமையல் எண்ணெய் தயாரிக்கும் பிட்கோ நிறுவனத்தோடு தொடர்புடைய ஆயில் பாம் உகாண்டா நிறுவனம் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து இங்கே எண்ணெய்ப்பனையை நட்டது. 10,000 ஹெக்டேர் இலக்கில் 6,500 நிறுவனத்தின் தோட்டம், 3,500 சிறு விவசாயிகளுடையது. வெட்டிய குலையை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், ஆலையும் சாலையும் தீவிலேயே அமைந்தன. நீங்கள் பயணம் செய்யும் சாலையும் ஏறி வரும் பெர்ரியும் பெருமளவுக்கு இந்தத் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. சிறு விவசாயிகள் அறக்கட்டளை வழியாகக் கடன் பெற்று, குலை விற்ற பணத்தில் அதைக் கழித்துக்கொண்டு, மாதந்தோறும் அறிவிக்கும் விலைக்கு விற்கிறார்கள். இதனால் ஓட்டு வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் இருக்கிறார்கள். காட்டை இழந்தவர்களும், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டதாக வழக்குத் தொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் கேட்காமல் ஒரு முடிவுக்கு வருவது சரியாகாது.

ஊருக்குள் நடந்துகொள்ளும் முறை

எந்தச் சிறு தீவில் இறங்கினாலும் முதலில் எல்சி-1 தலைவர் எனப்படும் ஊர்த் தலைவரைப் பார்த்து, யார், எதற்கு வந்தோம், எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்கு மேல் தங்குவோருக்கு இது கட்டாயம் போன்றதே. பேச்சைத் தொடங்கும்போது நலம் விசாரிக்காமல் கேள்விக்குப் போவது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். ஆண்களை "செபோ" என்றும் பெண்களை "ன்யாபோ" என்றும் அழையுங்கள். உங்களைப் பிள்ளைகள் "முயிண்டி" என்று கூப்பிட்டால் அது இந்தியர் என்பதற்கான சாதாரணச் சொல். கோபம் கொள்ள வேண்டாம். செசே தீவுகள், உகாண்டாவுக்குள் இருக்கும் பழைய அரசான புகாண்டாவின் மக்களுடைய பழைய வழிபாட்டில் தெய்வங்களின் இருப்பிடம். ஏரித் தெய்வமான முக்காசாவின் தலம் புபெம்பே தீவில் இருக்கிறது. வழிபாட்டு இடங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோப்புகளிலும் அவற்றைப் பராமரிப்பவரின் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது.

நிலம் வாங்கி விடுதி கட்டலாம் என்ற எண்ணத்தோடு வருவோர்க்கு ஒரு வார்த்தை: உகாண்டாவின் அரசியலமைப்புப்படி வெளிநாட்டவர் நிலத்துக்கு உரிமையாளர் ஆக முடியாது, குத்தகை மட்டுமே எடுக்கலாம். ஒரே நிலத்தில் பட்டா உடையவர் ஒருவரும் பல தலைமுறையாகக் குடியிருப்பவர் மற்றொருவருமாக இருப்பது இங்கே சாதாரணம். மாவட்ட நில அலுவலகத்தில் விசாரிக்காமலும் வழக்கறிஞர் இல்லாமலும் ஒரு ஷில்லிங்கூடக் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வதும் சட்டவிரோதம்.

உடல்நலம்

கலங்காலா நகரில் அரசு சுகாதார மையம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு மசாக்கா அரசு மருத்துவமனைக்கோ எண்டெபே, கம்பாலாவுக்கோ போக வேண்டும். அதாவது இரவில் நோய் முற்றினால் காலை வரை காத்திருக்க நேரலாம். நாள்பட்ட நோய் உள்ளவர்கள் இரு மடங்கு மருந்து எடுத்துச் செல்லட்டும். கருவுற்றவர்கள் கடைசி மாதங்களில் சிறு தீவுகளைத் தவிர்க்கட்டும். மலேரியா ஆண்டு முழுவதும் உண்டு. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள், கொசுவலைக்குள் உறங்குங்கள். மீன்பிடித் துறைகளில் எச்ஐவி தொற்று நாட்டின் சராசரியைவிடப் பல மடங்கு மிகுதி என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஏரி நீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்னும் புழுநோய் இருக்கிறது. தோலில் நீர் பட்டாலே புழு நுழைந்துவிடும், குடிக்க வேண்டியதில்லை. நாணல் அடர்ந்த, நீர் தேங்கிய கரைகளில் ஆபத்து மிகுதி. "எங்கள் கரையில் அது கிடையாது" என்று விடுதிகளில் சொல்வதைக் கேட்கலாம். அதை நம்பி நீந்துவதா என்பது உங்கள் விருப்பம். நான் நீந்த மாட்டேன். படகில் ஏறி இறங்கும்போது காலில் நீர் படுவதைத் தவிர்க்க முடியாது; ரப்பர் காலணி உதவும், கரை சேர்ந்ததும் துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும் நாளைப் பொறுத்தவரை, தீவை விட்டு வரும் நாளிலேயே விமானம் ஏறும்படி சீட்டு எடுக்காதீர்கள். எண்டெபேயில் ஓர் இரவை இடைவெளியாக விடுங்கள். ஏரி நீரில் இறங்கியவர்கள் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துப் பில்ஹார்சியா சோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு முன் செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். இருந்தால் பிரசிகுவான்டெல் மாத்திரை தருவார்கள். திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், உகாண்டாவில் ஏரித் தீவில் இருந்து வந்ததை மருத்துவரிடம் முதல் செய்தியாகச் சொல்லி, மலேரியா சோதனையை அன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.